நாற்காலியா, மெத்தையா, காபிக் கருவியா: சைக்கிள் முகாம் பயணத்தில் எந்தச் சொகுசுக்கு இடம் கொடுப்பது?

சைக்கிளில் சுமையேற்றிக்கொண்டு பல நாள் பயணம் கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. கூடாரம், தூக்கப் பை, மழைச் சட்டை, பஞ்சர் ஒட்டும் சாமான், அடுப்பு எல்லாம் அடுக்கியாயிற்று. பையில் ஒரு மூலை மிச்சமிருக்கிறது. அங்கே மடக்கு நாற்காலி போகட்டுமா, நல்ல தலையணையா, காபி போடும் கருவியா, புத்தகமா? ஒவ்வொன்றும் வேண்டும்போல இருக்கிறது. எல்லாவற்றையும் ஏற்ற இடமில்லை.

இங்கே சொகுசு என்று நான் சொல்வது, இல்லாவிட்டாலும் பயணம் நிற்காத, இருந்தால் மாலையும் இரவும் இதமாகிற சாமான்களை. அவற்றை வீண் சுமை என்று ஒரேயடியாக ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நாளெல்லாம் மிதித்தாலும் அதைவிடக் கூடுதல் நேரம் சீட்டை விட்டு இறங்கித்தான் கழிகிறது. அந்த நேரம் நன்றாக அமைந்தால்தான் ஐந்தாம் நாள் காலையிலும் ஆசையோடு கிளம்ப முடியும். ஆகவே சொகுசு வேண்டுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, உங்களுக்கு எது என்று பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

எடை. எல்லோரும் முதலில் பார்ப்பது இதைத்தான். சைக்கிளைப் பொறுத்தவரை நாம் பயப்படுகிற அளவுக்கு இது பெரிய விஷயம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோவை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 9,800 ஜூல் ஆற்றல் வேண்டும். ஏற்றத்தில் 150 வாட் திறனில் மிதிப்பவருக்கு அது சுமார் 65 விநாடி வேலை. நிதானமாக 100 வாட்டில் மிதித்தால் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். உடல் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால்வாசிதான் பெடலுக்குப் போய்ச் சேர்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், மொத்தச் செலவு சுமார் 10 கிலோ கலோரி. அரை கிலோ நாற்காலிக்கு இதில் பாதி. சமதளத்தில் நம் சக்தியைத் தின்பது பெரும்பாலும் காற்றுத் தடைதான், எடை அவ்வளவாகத் தெரியாது. முதுகில் மூட்டை சுமந்து நடப்பவர்கள் தயாரித்த பட்டியலை அப்படியே சைக்கிளுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

எடை உறைப்பது வேறு இடங்களில்: சைக்கிளை ரயில் பெட்டிக்குள் தூக்கும்போது, படிகளில் இறக்கும்போது, மணலில் தள்ளும்போது. பின் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளும் பாரத்தைத் தாங்க வேண்டும். பல பின் கேரியர்களில் 25 கிலோ என்று உச்ச வரம்பு பொறித்திருப்பார்கள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் சாமான் வைக்க மாட்டும் கூண்டுகள் பலவற்றுக்குப் பக்கத்துக்கு 3 கிலோதான். உங்களுடையதில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுங்கள்.

இடமும் வடிவமும். உண்மையான நெருக்கடி இங்கேதான். பின்பக்கம் தொங்கவிடும் பெரிய பைகள் ஒரு ஜோடி சேர்ந்து 40 லிட்டர் பிடிக்கும். கேரியரே இல்லாமல் சீட்டுக்குப் பின்னாலும் சட்டத்துக்குள்ளும் ஹேண்டில்பாரிலும் பை கட்டுகிறவருக்குப் பெரும்பாலும் அதில் முக்கால்வாசிகூடக் கிடைக்காது. 200 கிராம்தான் என்றாலும் அமுங்காமல் உருண்டையாக நிற்கும் சாமான், சுருட்டித் திணிக்கக்கூடிய 500 கிராம் சாமானைவிட அதிகத் தொல்லை கொடுக்கும்.

ஒரு நாளில் எவ்வளவு நேரம் உதவும். மெத்தை எட்டு மணி நேரம், நாற்காலி இரண்டு மணி நேரம், காபிக் கருவி பதினைந்து நிமிடம். இந்த ஒப்பீட்டிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

நம்மிடம் அது என்ன கேட்கும். சார்ஜ் ஏற்று, கழுவு, காய வை, ஒட்டுப் போடு, தினமும் பிரித்து மடி என்று ஒவ்வொரு சாமானும் ஏதாவது ஒரு வேலை வைக்கும். கடையில் வாங்கும்போது யாரும் சொல்லாத செலவு இது. ஏற்கெனவே இருக்கும் இன்னொரு சாமானின் வேலையையும் சேர்த்துச் செய்யுமானால் அந்தச் செலவு பாதியாகக் குறையும்.

## தூக்கம்: மெத்தையும் தலையணையும்

என்னைக் கேட்டால், சொகுசுக்கு ஒதுக்கும் முதல் இடம் இதற்குத்தான். சரியாகத் தூங்காத இரவு மறுநாள் ஏற்றத்தில் தெரிந்துவிடும். வேறு எந்தச் சொகுசும் மறுநாளின் கால்களை இவ்வளவு நேரடியாகத் தொடுவதில்லை.

மெத்தையில் இரண்டு வகை. மடித்து வைக்கும் ஃபோம் பாய் சுமார் 400 கிராம் இருக்கும். குத்தினாலும் கிழிந்தாலும் படுக்கலாம், நடுப்பகலில் மரத்தடியில் விரித்து உட்காரலாம், பையின் மேல் கட்டினால் மழையில் நனைந்தாலும் துடைத்தால் போதும். ஆனால் தடிமன் இரண்டு சென்டிமீட்டர்தான். மல்லாந்து படுப்பவர் சமாளித்துக்கொள்வார். ஒருக்களித்துப் படுப்பவருக்கு நள்ளிரவில் இடுப்பெலும்பும் தோளும் தரையைத் தொடும்.

காற்றடைக்கும் மெத்தை 350 முதல் 600 கிராம், தடிமன் 7 முதல் 10 சென்டிமீட்டர். சுருட்டினால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், பைக்குள்ளேயே அடங்கிவிடும். வாங்கும்போது ஆர்-மதிப்பைப் பாருங்கள். தரையின் குளிர் உடம்புக்கு ஏறாமல் எவ்வளவு தடுக்கும் என்பதற்கான எண் அது. முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு அளந்து போட்டது. 2018இல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுச் சோதனை முறை வந்தது. அதன்படி அளந்த எண்களை இப்போது நம்பி ஒப்பிடலாம். ஃபோம் பாய்க்கு 2 அளவில் இருக்கும். குளிர் இரவுகளுக்கு 4க்கு மேல் தேடலாம். ஒன்றின் மேல் ஒன்று விரித்தால் இரண்டின் மதிப்பையும் கூட்டிக்கொள்ளலாம் என்பதால், வெயில் காலத்துக்கு வாங்கியதைக் குளிர் காலத்தில் தூக்கிப்போட வேண்டியதில்லை.

காற்று மெத்தை வைக்கும் வேலைகளும் உண்டு. முள் குத்தினால் அந்த இரவு வெறுந்தரைதான். ஒட்டுத் துண்டும் பசையும் எப்போதும் உடன் வேண்டும். ஓட்டையைக் கண்டுபிடிக்க மெத்தையைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும், தண்ணீர் இல்லாத இடத்தில் இது பெரும்பாடு. வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கும். அதற்கென்று வரும் பையில் காற்றைப் பிடித்து ஏற்றுவது நல்லது. சில மெத்தைகள் புரளும்போதெல்லாம் காகிதம் கசக்குவதுபோலச் சத்தம் போடும். பக்கத்தில் இன்னொருவர் படுத்திருந்தால் இதையும் யோசியுங்கள். 64 சென்டிமீட்டர் அகல மெத்தையில் கைகள் கீழே விழாது, சுகமாக இருக்கும். ஆனால் ஒருவருக்கான சின்னக் கூடாரங்கள் பலவற்றில் அதை விரித்தால் பைக்கு இடம் இருக்காது. வாங்குமுன் கூடாரத் தரையை அளந்துகொள்ளுங்கள்.

தலையணையில் மூன்று வழி. உடுப்புகளை ஒரு பையில் அடைத்துத் தலைக்கு வைப்பது: கூடுதல் எடை சுழியம், எல்லோரும் பரிந்துரைப்பது. இதில் ஒரு குறை இருக்கிறது. குளிர் அதிகமாகிற இரவில் அந்த உடுப்புகள் உங்கள் உடம்பில் இருக்கும், மழை பெய்த நாளில் ஈரமாக இருக்கும். அதாவது மிகவும் தேவைப்படும் இரவில்தான் இந்தத் தலையணை காணாமல் போகிறது. காற்றுத் தலையணை 60 முதல் 100 கிராம், சுருட்டினால் கைக்குள் அடங்கும். வழுக்கிக்கொண்டு ஓடும் என்பது அதன் பெரிய குறை. முழுக்க ஊதாமல் முக்கால்வாசியில் நிறுத்தி, ஒரு பனியனுக்குள் நுழைத்துவிட்டால் நிற்கும், வியர்வையும் ஒட்டாது. ஃபோம் துண்டுகள் அடைத்த அமுக்குத் தலையணைதான் வீட்டுத் தலையணைக்குக் கிட்ட வரும். 200 கிராமுக்கு மேல் இருக்கும், இடமும் அடைக்கும், நனைந்தால் லேசில் காயாது. கழுத்து வலி உள்ளவர்கள் தயங்காமல் இதையே எடுக்கலாம். நாள் முழுவதும் குனிந்து கழுத்தை நிமிர்த்தி ரோட்டைப் பார்த்தவர்களுக்கு இரவில் அந்தத் தாங்கல் வேண்டும்.

## உட்காருவது: நாற்காலி முதல் ஃபோம் துண்டு வரை

முகாமில் நாற்காலியின் அருமை அதில் சாய்ந்த பிறகுதான் தெரியும். மாலை வரை முன்னால் வளைந்திருந்த முதுகு சாயும் அந்த நொடியில் உடம்பே தளர்ந்து கொடுக்கும். தரையில் உட்கார்ந்து சமைத்து, தரையில் சாப்பிட்டு, தரையிலிருந்து எழுந்து எழுந்து முழங்கால் நொந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குழாய்க் கால்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, துணியை நான்கு மூலையில் மாட்டும் நாற்காலிகளில் சாதாரண வகை ஏறக்குறைய ஒரு கிலோ, மெல்லிய வகை அரை கிலோ. மெத்தையையே மடித்து நாற்காலியாக்கும் துணி உறை சுமார் 300 கிராம். வெறும் ஃபோம் உட்காரு துண்டு 60 கிராமுக்குள்.

எடையைவிட நீளம்தான் சிக்கல். மடித்த நாற்காலி ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான கட்டு. பக்கப் பைக்குள் நிறுத்தி வைத்தால் மற்றவற்றுக்கு வழிவிடாது. கேரியரின் மேல் கூடாரத்தோடு சேர்த்துக் கட்டுவதோ ஃபோர்க் கூண்டில் மாட்டுவதோ மேல். அடுத்த சிக்கல் தரை. கால்நுனி சின்னதாக இருப்பதால் ஈர மணலிலும் மழை பெய்த புல்லிலும் உட்கார்ந்ததும் ஒரு கால் மட்டும் இறங்கி ஆள் சாய்ந்துபோவார். தட்டையான ரப்பர் பாதங்களோ தரைத் துணியோ தனியாக விற்கிறார்கள், அது இன்னொரு 100 கிராமுக்கு மேல். துணி மூலைகளில் கம்பி நுழையும் பைகள்தான் முதலில் கிழியும். வாங்கும்போது அந்தத் தையலை விரலால் இழுத்துப் பாருங்கள்.

மெத்தை உறை காகிதத்தில் அழகான யோசனை, ஒரே மெத்தை இரண்டு வேலை செய்கிறது. ஆனால் அடுப்புப் பொறி பறக்கும் இடத்திலும் முள் கிடக்கும் தரையிலும் ராத்திரி படுக்க வேண்டிய மெத்தையையே போட்டு உட்காருகிறோம். சுத்தமான புல்தரையும் ஃபோம் பாயும் இருந்தால் மட்டும் இதைச் சொல்வேன்.

நாற்காலி யாருக்கு? மாலை நான்கு ஐந்துக்கே வண்டியை நிறுத்துகிறவருக்கு. சீக்கிரம் இருட்டும் மாதங்களில் நீண்ட மாலையைக் கழிக்க வேண்டியவருக்கு. முதுகோ முழங்காலோ தொந்தரவு கொடுப்பவருக்கு. இருட்டும் வரை மிதித்து, வந்ததும் சமைத்து, உண்டு படுத்துவிடுகிறவர் அதைப் பிரிக்கவே மாட்டார். மேசையும் பெஞ்சும் உள்ள முகாம் தளங்களிலேயே தங்குவதாகத் திட்டமிருந்தாலும் நாற்காலி அவசியமில்லை. இவர்கள் இருவருக்கும் ஃபோம் துண்டே போதும். பெஞ்ச் ஈரமாக இருந்தாலும் அது உதவும்.

## காலைக் காபி

காபி இல்லாமல் விடியாது என்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது விவாதத்துக்கே உரியதல்ல. பழக்கம் இல்லாதவர்கள் முகாம் படங்களைப் பார்த்து வாங்க வேண்டாம்.

உடனடிக் காபித் தூள் எடை, இடம், கழுவல் மூன்றிலும் வெல்லும், சுவையில் தோற்கும். மடங்கும் சிலிகோன் வடிகட்டிக் கூம்பு தட்டையாகப் போய்விடும். ஆனால் வடிதாள் வேண்டும், நனைந்த தாளையும் சக்கையையும் குப்பைத் தொட்டி வரும்வரை சுமக்க வேண்டும். ஆலன் ஆட்லர் உருவாக்கி 2005இல் வெளிவந்த ஏரோபிரஸ், கையால் அழுத்திக் காபி வடிக்கும் உருளை, 200 கிராமுக்கு உட்பட்டது. அழுத்தியதும் சக்கை கட்டியாக வெளியே விழும், ஒரு வாய் தண்ணீரில் கழுவிவிடலாம். தண்ணீர் அரிதான பாதையில் இது பெரிய வசதி. உருளையாக இருப்பதால் இடம் பிடிக்கும் என்றாலும், உள்ளே காபித் தூள் பொட்டலத்தைச் செருகிக்கொள்ளலாம். 1933இல் இத்தாலியில் பிறந்த, அடுப்பில் வைத்து நீராவி அழுத்தத்தில் காபி இறக்கும் மோக்கா பாத்திரம் அடர்த்தியான காபி தரும். சின்ன மோக்காவின் அடி, மூன்று கை கொண்ட முகாம் அடுப்பில் சரியாக நிற்காமல் சரியும். ஆறும்வரை திறக்கவும் முடியாது, அதாவது பொதி கட்டும் நேரத்தில் அதற்காகக் காத்திருக்க வேண்டும்.

கை அரைவை இயந்திரம் 250 முதல் 500 கிராம். ஒரு வாரத்துக்குக் குறைந்த பயணத்துக்கு அரைத்த தூளையே காற்றுப் புகாத டப்பாவில் எடுத்துப் போவேன். இன்னொன்று: காலையில் கூடுதலாக ஒரு முறை அடுப்பு மூட்டினால் எரிவாயு அதற்கேற்பச் சீக்கிரம் தீரும். அடுத்த குப்பி எங்கே கிடைக்கும் என்று தெரியாத பாதையில் இதுதான் பெரிய செலவு.

## புத்தகம், பாட்டு, அவற்றுக்கு மின்சாரம்

காகிதப் புத்தகம் ஒன்று 200 முதல் 400 கிராம், சார்ஜ் கேட்காது, நனைந்தால் போச்சு. மின்நூல் கருவி 200 கிராம் அளவில் நூலகத்தையே சுமக்கும், வாரக்கணக்கில் சார்ஜ் தாங்கும். திரைதான் பலவீனம். பக்கப் பையில் கருவிச் சாவிகளோடு போட்டால் உடையும், உடுப்புகளுக்கு நடுவில் வையுங்கள். கைபேசியில் படிப்பவர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: மறுநாள் வழி காட்டவும் அவசரத்துக்கு அழைக்கவும் அதே பேட்டரிதான்.

ஒலிபெருக்கி வேண்டாம். முகாம் இரவில் சத்தம் வெகு தூரம் போகும், அடுத்த கூடாரத்தில் தூங்குகிறவருக்கும் அந்த இரவு சொந்தம். காதுக்குள் வைக்கும் ஒலிக்கருவி 50 கிராமில் அதே வேலையைச் செய்யும்.

மின் சாமான் கூடக் கூட பவர் பேங்க் வளரும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 200 கிராம். அதில் இருப்பது 37 வாட்-மணி. மாற்றும்போது ஆகும் இழப்பு போக, 5,000 எம்ஏஎச் கைபேசியை ஒன்றரை முறைக்குக் கிட்ட நிரப்பும். முன் சக்கர ஹப்பில் பொருத்தும் டைனமோவின் பொது அளவு 3 வாட். மணிக்கு 15 கிலோமீட்டரும் அதற்கு மேலும் போனால்தான் சார்ஜ் ஒழுங்காக ஏறும், மலை ஏற்றத்தில் பெயருக்குத்தான். மாதக்கணக்கில் போகிறவருக்கு டைனமோ, வாரக் கணக்குக்குப் பவர் பேங்க். விமானத்தில் போவதானால் 100 வாட்-மணி வரைதான் தனி அனுமதி இல்லாமல் விடுவார்கள், அதுவும் கைப்பையில் மட்டும்.

## ஒரு அளவு பெரிய கூடாரம்

சொகுசுப் பட்டியலில் இதை யாரும் எழுதுவதில்லை. தனியாகப் போகிறவர் இருவர் கூடாரம் எடுத்தால் 300 முதல் 500 கிராம் கூடும், ஒரு மெல்லிய நாற்காலியின் எடைக்குள் அடங்கும். பதிலுக்குப் பைகள் உள்ளே வரும், மழை நாளில் நிமிர்ந்து உட்காரலாம், உடுப்பு மாற்றலாம், அகல மெத்தையும் விரியும். மழை நிச்சயம் என்று தெரிந்த பயணத்தில் நாற்காலியையும் காபிக் கருவியையும் விட்டுவிட்டு இதைத்தான் எடுக்கச் சொல்வேன். மறைவான சின்ன இடத்தில் கூடாரம் போட வேண்டியவருக்குப் பெரிய தரைப் பரப்பே தொல்லையாகும்.

பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளிப் வைத்த ஷூ போட்டு மிதிக்கிறவருக்கு மாற்றுச் செருப்பு சொகுசில் சேராது, எடுத்தே ஆக வேண்டும். சாதாரண பெடல்காரர்கள் இல்லாமலும் சமாளிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| சாமான் | எடை | இடம் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| காற்று மெத்தை | 350–600 கி | குறைவு | பஞ்சர், ஊதும் வேலை | ஒருக்களித்துப் படுப்பவர், குளிர்த் தரை |
| ஃபோம் பாய் | சுமார் 400 கி | அதிகம், வெளியே கட்டலாம் | மெல்லிய தடிமன் | ஓரிரு இரவு, முள் தரை |
| காற்றுத் தலையணை | 60–100 கி | மிகக் குறைவு | வழுக்கும் | ஏறக்குறைய எல்லோருக்கும் |
| நாற்காலி | 500 கி–1 கிலோ | நீளக் கட்டு | மண்ணில் புதையும் கால் | சீக்கிரம் நிறுத்துபவர், முதுகு வலி |
| ஏரோபிரஸ் | 200 கிராமுக்குள் | உருளை | எரிவாயு, காலை நேரம் | காபிப் பழக்கம் உள்ளவர் |
| மின்நூல் கருவி | சுமார் 200 கி | தட்டை | உடையும் திரை | நீண்ட பயணம், தனிப் பயணம் |
| பெரிய கூடாரம் | கூடுதலாக 300–500 கி | நடுத்தரம் | அதிகத் தரைப் பரப்பு | மழைக் காலம் |

## எந்தப் பயணத்துக்கு எது

ஓர் இரவுப் பயணத்தில் ஆசைப்பட்டதை ஏற்றலாம், சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. புது மெத்தையையும் தலையணையையும் அதற்கும் முன்பே வீட்டுத் தரையில் விரித்து முழு இரவும் படுத்துப் பாருங்கள், கடையில் ஐந்து நிமிடம் சாய்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஒரு வாரமும் அதற்கு மேலும் என்றால் மெத்தையும் தலையணையும் முதலில், பிறகு நாற்காலி அல்லது காபி இரண்டில் ஒன்று. மூன்று இரவு கடந்தும் வெளியே எடுக்காத சாமானை வழியில் உள்ள அஞ்சலகத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

கேரியர் இல்லாமல் சட்டத்தில் பை கட்டுகிறவர்கள் எடையை மறந்துவிட்டு லிட்டர் கணக்கு மட்டும் பாருங்கள். காற்றுத் தலையணை, மின்நூல் கருவி, ஃபோம் துண்டு மூன்றும் எப்படியும் நுழைந்துவிடும். நாற்காலி நுழையாது.

இருவர் சேர்ந்து போனால் கணக்கு மாறும். காபிக் கருவி, பவர் பேங்க், பஞ்சர் சாமான் எல்லாம் ஒன்றே இருவருக்கும், ஆளுக்குப் பாதிச் சுமை. நாற்காலியைப் பகிர முடியாது. இரண்டு நாற்காலிகளுக்கு இரண்டு கட்டு இடம் வேண்டும், அது கிடைக்குமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் அந்த எடையை மூவர் கூடாரத்துக்குக் கொடுத்துவிடலாம்.